ஒரு வாரம் ரத்தப் பரிசோதனையில் சிக்காத காய்ச்சல், ஒரு கறுப்புப் பொருக்கில் சிக்கியது எப்படி?

ஆரணிப்பக்கம் கேட்டது:

வணக்கம். சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். நடந்ததில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 57 வயது. ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாலு ஆடு, ஒரு கறவை மாடு. நான் அம்பத்தூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். தீபாவளி முடிந்து நான் கிளம்பி வந்த பத்தாம் நாள் அக்கா போன் செய்தாள். வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து அம்மாவுக்குக் காய்ச்சல், மண்டை பிளக்கிற வலி, சோறு உள்ளே இறங்கவில்லை என்றாள். வெள்ளிக்கிழமை பக்கத்து ஊர் கிளினிக்கில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். சனிக்கிழமை மறுபடி போனபோது ரத்தம் எடுத்தார்கள். டெங்கு என்எஸ்1 நெகட்டிவ். மலேரியா நெகட்டிவ். வைடால் மட்டும் 1:80, பாசிட்டிவ். டைபாய்டு என்று சொல்லி அன்றிலிருந்து காலையும் மாலையும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி.

செவ்வாய்க்கிழமை ஆகியும் காய்ச்சல் 103-ஐ விட்டு இறங்கவில்லை. மறுபடி ரத்தம். தட்டணுக்கள் 92,000. ‘டெங்குவாகவும் இருக்கலாம்’ என்று மறுபடி என்எஸ்1, மறுபடி நெகட்டிவ். இரண்டு பாட்டில் டிரிப்ஸ். அதுவரைக்கும் 4,600 ரூபாய் செலவு. புதன்கிழமை ராத்திரி அம்மாவுக்கு லேசாக மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நான் லீவு சொல்லிவிட்டு ஊருக்கு ஓடினேன்.

வியாழக்கிழமை காலையில் வேலூருக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர். நான் ரிப்போர்ட் ஃபைலை நீட்டினேன். வாங்கி மேஜை மேல் வைத்தாரே தவிர, பிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "காய்ச்சல் என்னைக்கு, எத்தனை மணிக்கு வந்துச்சும்மா?" அம்மா, "போன வியாழக்கிழமை, பால் கறந்து ஊத்திட்டு வந்தப்புறம் குளிரெடுத்துச்சு" என்றார். டாக்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார், எட்டாவது நாள் என்று. அப்புறம் என்ன வேலை செய்கிறீர்கள், ஆட்டுக்குப் புல் எங்கே அறுப்பீர்கள், அங்கே உட்காருவீர்களா, வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா என்று கேள்விகள். புல் ஏரிக்கரையில்தான் அறுப்போம் என்று அம்மா சொன்னதும் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு திரையை இழுத்துவிட்டார்.

பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்து, "இடது அக்குளுக்குக் கீழே, ரவிக்கை இறுக்குற இடத்துல கறுப்பா ஒரு பொருக்கு இருக்கு. இது உண்ணிக் காய்ச்சல் மாதிரி இருக்கு, ஸ்க்ரப் டைபஸ். ரத்தம் அனுப்புறேன், ஆனா ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்து இப்பவே ஆரம்பிச்சுடலாம்" என்றார். டாக்ஸிசைக்ளின். அட்மிட் செய்துகொண்டார்கள். சனிக்கிழமை விடியும்போது அம்மாவுக்கு உடம்பு சில்லென்று இருந்தது. ரிப்போர்ட் அன்று மதியம்தான் வந்தது, பாசிட்டிவ் என்று.

அந்தப் பொருக்கை அம்மாவே பார்த்ததில்லை. வலிக்கவில்லையாம், அரிக்கவும் இல்லையாம். "ஏழு நாளா ரத்தமா உறிஞ்சினாங்களே, ஒருத்தராவது மேல கைய வெச்சுப் பாத்தாங்களா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் கேள்வி இதுதான். முதலில் எடுத்த பரிசோதனைகள் எல்லாம் தப்பா? அந்த டாக்டருக்கு அங்கே போய்த் தேட வேண்டும் என்று எப்படித் தோன்றியது? டெஸ்ட் வருவதற்கு முன்பே எந்த தைரியத்தில் மருந்து கொடுத்தார்? கிளினிக்கில் போய் நான் கேட்கலாமா, கூடாதா? இன்னொன்று. ‘டைபஸ் என்றாலும் டைபாய்டு என்றாலும் ஒன்றுதானே, அப்போ முதல் டாக்டர் சொன்னது சரிதானே’ என்கிறாள் அக்கா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

---

கேகேநகர்_ராஜா:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாம் லேப் கமிஷன். காய்ச்சல் என்று போனாலே 2,000 ரூபாய்க்கு ரத்தம் எடுக்காமல் விடமாட்டார்கள். போய் நாலு கேள்வி நறுக்கென்று கேளுங்கள் பிரதர்.

---

சென்ட்ரிஃப்யூஜ்_அக்கா:

ராஜா தம்பி, அவசரப்படாதீர்கள். கமிஷன் வாங்குகிற இடம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கதைக்கு அது தேவையில்லை. ஒரு பைசா கமிஷன் இல்லாத அரசு மருத்துவமனை லேபில் 31 வருடம் உட்கார்ந்து ரத்தம் பார்த்தவள் நான். இதே கதை அங்கேயும் நடந்திருக்கிறது.

ஆரணித் தம்பி, முதலில் வைடால். 1896-ல் பிரான்ஸில் வைடால் என்பவர் கொண்டுவந்த பரிசோதனை. நம் ஊர் லேப்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டைபாய்டு கிருமியின் சாயம் ஏற்றிய துகள்கள் குப்பியில் வரும். நோயாளியின் சீரத்தில் (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிந்த நீர்) ஒரு சொட்டு, அந்தக் கரைசலில் ஒரு சொட்டு, கண்ணாடித் தகட்டில் கலந்து ஆட்டிப் பார்ப்போம். தயிர் திரிகிற மாதிரி திரிந்தால் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். 1:80 என்றால் சீரத்தை 80 மடங்கு நீர்த்த அளவிலும் திரிகிறது என்று பொருள். அது இன்றைக்கு வந்த டைபாய்டுக்காக உண்டானதா, மூன்று வருடத்துக்கு முன்பு குடித்த அசுத்தத் தண்ணீரால் உண்டானதா, தடுப்பூசியால் வந்ததா, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமியால் வந்ததா என்பது அந்தத் தகட்டுக்குத் தெரியாது. நம் ஊரில் காய்ச்சலே இல்லாத பத்துப் பேரைக் கூப்பிட்டு வைடால் பார்த்தாலும் சிலருக்கு 1:80 வரும். நானே எனக்குப் பார்த்திருக்கிறேன், வந்தது. நான் அன்றைக்கு மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு தெம்பாகத்தான் இருந்தேன்.

வைடாலை நம்ப வேண்டுமென்றால் ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டாவது நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யார் காத்திருப்பார்கள்? டைபாய்டைக் கையும் களவுமாகப் பிடிப்பது பிளட் கல்ச்சர்தான். ரத்தத்தைக் குப்பியில் ஊற்றி வளர்த்து, கிருமியையே பார்ப்பது. ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். உங்கள் கதையில் அது எடுக்கப்படவே இல்லை என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் அந்தக் கிளினிக்கில் நடந்த தவறு அங்கேதான். வைடால் எடுத்ததைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அது ஒன்றையே பிடித்துக்கொண்டு கல்ச்சர் எடுக்காமல் ஊசியை ஆரம்பித்ததைத்தான் சொல்வேன்.

அடுத்து என்எஸ்1. அது டெங்கு வைரஸ் கக்குகிற ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாலைந்து நாளில் பார்த்தால் நன்றாகக் காட்டும். மூன்றாம் நாள் அம்மாவுக்கு எடுத்தது சரியான நேரம், நெகட்டிவ் என்று வந்தது மதிக்க வேண்டிய பதில். ஆறாம் நாள் மறுபடி அதையே எடுத்ததுதான் வீண். அதற்குள் அந்தப் புரதம் குறைந்துவிடும். அப்போது டெங்கு சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டியது ஐஜிஎம், அதாவது டெங்குவுக்கு உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற டெஸ்ட்.

தட்டணு குறைந்தால் டெங்கு என்று நம் ஜனங்களுக்கு மனப்பாடம். பப்பாளி இலையைத் தேடி ஓடுவார்கள். உண்ணிக் காய்ச்சலிலும் குறையும், மலேரியாவிலும் குறையும், எலிக் காய்ச்சலிலும் குறையும். அதே தாளில் இன்னும் நாலு வரி இருக்கும், அவற்றை யாரும் படிப்பதில்லை. டெங்குவில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் இறங்கிப் போகும். உண்ணிக் காய்ச்சலில் சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும், கல்லீரல் நொதிகள் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறியிருக்கும். அம்மாவின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள் தம்பி, வெள்ளை அணு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

இப்போது அந்த வேலூர் டாக்டர். ரிப்போர்ட் ஃபைலைப் பிரிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பழைய மெடிசின் சீஃப் இருந்தார். ஃபைலோடு வருகிறவர்களிடம், "பேப்பர் அப்புறம், பேஷண்ட் எங்கே?" என்பார். பேப்பரைப் பார்த்துவிட்டால் அடுத்தவர் நினைத்ததையே நாமும் நினைக்க ஆரம்பித்துவிடுவோம் என்பது அவர் கட்சி.

அவர் எப்படித் தேடினார் என்றால், எனக்குத் தோன்றுவது இது. நம் பாட்டிகளுக்கு ஒரு கணக்குத் தெரியும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும். நெறி கட்டியிருக்கிறது என்றால் அந்தப் பக்கம் எங்கேயோ புண் இருக்கிறது, தேடு என்பார்கள். உண்ணிக் காய்ச்சலிலும் அதே கணக்குத்தான். அந்த டாக்டர் அக்குளை அமுக்கிப் பார்த்திருப்பார், நெறி தட்டுப்பட்டிருக்கும். அக்காவிடம் கேளுங்கள், அவள்தானே உள்ளே இருந்தாள்.

அக்காவின் டைபஸ்–டைபாய்டு சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டைபாய்டு என்ற சொல்லுக்கே ‘டைபஸ் மாதிரி’ என்றுதான் பொருள். அந்தக் காலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் வைத்த பெயர். டைபாய்டு, தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் சால்மொனெல்லா. ஸ்க்ரப் டைபஸ், புல் புதரில் இருக்கும் ஒரு பூச்சி கடித்து வரும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. வேறு கிருமி, வேறு மருந்து. உங்கள் அம்மாவுக்குப் போட்ட செஃப்ட்ரியாக்சோன் டைபாய்டுக்கு நல்ல மருந்து. இந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும், அந்த ஊசி அதைத் தொடாது.

ஆனால் படித்தவர்களே குழம்பியிருக்கிறார்கள். 1948-ல் ஸ்மேடல் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரின் குழு கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் என்ற புது மருந்தை ஸ்க்ரப் டைபஸுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஸ்க்ரப் டைபஸ் என்று நினைத்துக் கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு. அவர்களும் பிழைத்தார்கள். டைபாய்டுக்கு முதல் மருந்து கிடைத்ததே இப்படி ஆள் மாறாட்டத்தில்தான். அதனால் அக்காவைக் கேலி செய்யாதீர்கள்.

---

ஆரணிப்பக்கம்:

அக்கா, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். என் அக்காவைக் கேட்டேன். டாக்டர் முதலில் இரண்டு கழுத்து, இரண்டு அக்குள் என்று தடவிப் பார்த்தாராம். இடது பக்கம் வந்ததும் நின்று, "இங்க வலிக்குதாம்மா?" என்றாராம். அப்புறம்தான் ரவிக்கையைக் கழற்றச் சொன்னாராம். வெள்ளை அணு 11,400. எஸ்ஜிஓடி 148. நீங்கள் சொன்னபடியே இரண்டும் கூடுதல். இரண்டுமே ஆறாம் நாள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஒரு சந்தேகம். இதற்கென்று தனி டெஸ்ட் இருக்கிறது இல்லையா, அதை மூன்றாம் நாளே எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமா? இன்னொன்று, அந்தப் பொருக்கு இல்லாவிட்டால்?

---

சென்ட்ரிஃப்யூஜ்_அக்கா:

மூன்றாம் நாள் எடுத்திருந்தால் பெரும்பாலும் நெகட்டிவ்தான் வந்திருக்கும். ஐஜிஎம் என்பது உடம்பு தயாரிக்கிற எதிர்ப்புப் பொருள், அது ரத்தத்தில் தெரிகிற அளவுக்கு வர ஐந்தாறு நாளாவது ஆகும். ‘ஸ்க்ரப்பும் பார்த்தாச்சு, நெகட்டிவ்’ என்று ஃபைலில் ஒரு தாள் சேர்ந்திருக்கும். அது இன்னும் மோசம். எட்டாம் நாள் எடுத்ததால் பாசிட்டிவ். அதனால்தான் அந்த டாக்டர் காலண்டரை எண்ணினார்.

ரிப்போர்ட் வர ஏன் இரண்டு நாள் என்றால், இந்த ஐஜிஎம்மை எலைசா என்ற முறையில்தான் பார்ப்போம், அதன் தட்டில் 96 குழி. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கன்ட்ரோல் என்று சில குழிகளைச் செலவழிக்க வேண்டும். ஒரு ஆளுக்காக ஓட்டினால் கட்டுபடியாகாது. ஆறேழு சாம்பிள் சேரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்துவிடுவோம். நோயாளிக்குத் தெரியாத லேப் ரகசியம் இது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கு எலைசா கிடையாது, வெயில்–ஃபீலிக்ஸ் என்ற டெஸ்ட்தான். 1916-ல் வெயில், ஃபீலிக்ஸ் என்ற இரண்டு பேர் கண்டது. டைபஸ் நோயாளியின் சிறுநீரிலிருந்து ஒரு புரோட்டியஸ் கிருமியை எடுத்தார்கள். அதற்கும் டைபஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் நோயாளியின் சீரத்தோடு கலந்தால் அது திரிந்தது. வழியில் போகிற யாரோ ஒருவரை மச்சான் என்று நினைத்துக் கட்டிப்பிடிக்கிற மாதிரி, எதிர்ப்புப் பொருள் ஆள் தெரியாமல் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தவறை வைத்தே ஒரு டெஸ்ட். உண்ணிக் காய்ச்சலுக்கு ஓஎக்ஸ்-கே என்ற வகை. நிறைய பேரைத் தவற விடும். ஆனால் எதுவுமே இல்லாத தாலுகா ஆஸ்பத்திரியில் அதுதான் இருந்தது, அதை வைத்துக் காப்பாற்றியும் இருக்கிறோம்.

பொருக்கு இல்லாதவர்களைப் பற்றி டாக்டர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். நான் குழாயைப் பார்த்தவள், ஆளைப் பார்த்தவள் இல்லை.

---

நைட்_டூட்டி:

ஜெனரல் மெடிசின் பிஜி இரண்டாம் வருடம். இப்போது மணி 3.10, வார்டு கொஞ்சம் அமைதி. அக்கா, உங்களைப் போல ஒருவர் எங்கள் லேபில் இருந்தால் தேவலை.

நாங்கள் யோசிக்கிற விதத்தைச் சொல்கிறேன். காய்ச்சல் என்று ஒருவர் வந்தால் தலையில் ஒரு பட்டியல் ஓடும். இரண்டாம் நாள் அந்தப் பட்டியல் மிக நீளம், சாதாரண சளிக் காய்ச்சல் உட்பட எல்லாம் அதில் இருக்கும். எட்டாம் நாள் அது தானாகவே குறுகிவிடும். வைரஸ் காய்ச்சல்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கியிருக்கும். டெங்குவில் இன்னும் 103 அடிப்பது வழக்கமில்லை. மிச்சம் இருப்பவை டைபாய்டு, ஸ்க்ரப், எலிக் காய்ச்சல், மலேரியா, காசநோய், எங்கேயாவது ஒளிந்திருக்கும் சீழ்க்கட்டி. இதில் ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் போட்டும் அசையவில்லை என்பது ஒரு தகவல். ஏரிக்கரையில் உட்கார்ந்து புல் அறுப்பவர் என்பது இன்னொரு தகவல். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதம் என்பது மூன்றாவது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வார்டில் ஸ்க்ரப் இல்லாத வாரம் அரிது. அந்த மேடம் திரையை இழுக்கும்போதே மனதில் இருந்தது இரண்டு மூன்று நோய்தான். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துதான் தேடினார்.

பொருக்குக்கு எஸ்கார் என்று பெயர். சிகரெட்டால் சுட்ட மாதிரி நடுவில் கறுப்பு, சுற்றிச் சிவப்பு வளையம். பூச்சி கடித்த இடம் அது. அந்தப் பூச்சி கண்ணுக்கே தெரியாத அளவு குட்டி, துணி இறுக்கும் இடமாகப் பார்த்து ஊர்ந்து போய் உட்காரும். பெண்களுக்கு மார்பின் கீழ்மடிப்பு, பாவாடை நாடா கட்டும் இடம், வயிறு. ஆண்களுக்கு அக்குள், அரைஞாண் இருக்கும் இடம், கவட்டை. குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் பார்த்திருக்கிறேன். ஈரமான மடிப்பில் கறுப்புப் பொருக்கே இருக்காது, வெளிறிய சின்னப் புண்ணாக இருக்கும், சுலபமாகத் தவறிவிடும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆண். ஓபியில் வரும் 57 வயது அம்மாவிடம் ரவிக்கையைக் கழற்றச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். சிஸ்டரைக் கூப்பிட வேண்டும், திரை வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் வேண்டும், வெளியே அறுபது பேர் நிற்கிறார்கள். போன வருடம் இதே மாதிரி ஒரு அம்மாவை இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் உடம்பு துடைத்துவிட்ட ஸ்டாஃப் நர்ஸ்தான், "சார், இடுப்புல ஒன்னு இருக்கு, பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் எஸ்கார் இருக்காது. எங்கள் வார்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கிடைக்கிறது. இல்லாவிட்டால், மேலே சொன்ன நாள், தொழில், மாதம், வெள்ளை அணு, கல்லீரல் நொதி எல்லாம் ஒரே பக்கம் கை காட்டினால் டெஸ்டை அனுப்பிவிட்டு மருந்தைத் தொடங்கிவிடுவோம். அதுதான் ‘எந்த தைரியத்தில்’ என்ற கேள்விக்குப் பதில். டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லாத மருந்து, கர்ப்பிணிகளுக்கு மட்டும் அசித்ரோமைசின் தருவோம். கொடுக்காமல் காத்திருந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகலாம். உங்கள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது சும்மா இல்லை. இன்னொரு வசதி, சரியான மருந்து என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லை என்றால் நாங்கள் நினைத்தது தப்போ என்று மறுபடி யோசிப்போம். மருந்தும் ஒரு டெஸ்ட் மாதிரிதான்.

நோய் முற்றி வருகிறவர்களுக்கு இப்போது டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்தே நரம்பு வழியாகப் போடுகிறோம். வேலூர் சிஎம்சி தலைமையில் இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 பேரிடம் செய்து பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டும் சேர்த்தால் மேல் என்று.

கிளினிக் டாக்டரைப் பற்றி. டைபாய்டாகவே இருந்து சரியான ஊசி போட்டாலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகும். அதனால் செவ்வாய் வரை அவர் காத்திருந்ததை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை ரத்தத்துக்குப் பதில் ஆளை ஒரு தடவை முழுசாகப் பார்த்திருக்கலாம். எஸ்கார் பொதுவாகக் காய்ச்சலுக்கு முன்பே வந்துவிடும், அதனால் சனிக்கிழமையே அது அங்கே இருந்திருக்கும்.

பெல் அடிக்கிறது. வருகிறேன்.

---

தஞ்சை_டிராக்டர்:

நாள், தொழில் எல்லாம் கேட்பார்கள் என்று டாக்டர் சொன்னது எனக்கும் நடந்தது. எங்களுக்கு நடவு வயல். எனக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டர் ரத்தம் எடுப்பதற்கு முன்பு இரண்டு கெண்டைக்காலையும் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினார். கத்திவிட்டேன். கண்ணை இழுத்துப் பார்த்தார், செக்கச்செவேல் என்று இருந்தது, ஆனால் பீளை இல்லை. "வயல்ல எலி ஜாஸ்தியா?" என்று கேட்டார். எலிக் காய்ச்சல். எனக்கும் டாக்ஸிசைக்ளின்தான் கொடுத்தார்கள், அது உண்ணிக் காய்ச்சலுக்கும் மருந்து என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

ஆமாம், ஒரு கேள்வி. ஆட்டில் பிடுங்கிப் போடுகிறோமே, அந்த உண்ணியா இதைக் கொடுக்கிறது? எங்கள் வீட்டில் நாய்க்கும் இருக்கிறது.

---

சென்ட்ரிஃப்யூஜ்_அக்கா:

இல்லை தம்பி. பேர்தான் உண்ணிக் காய்ச்சல். இது ஆட்டு உண்ணி, நாய் உண்ணி இல்லை. புல் புதரில் இருக்கும் வேறு ஒரு சிலந்திப்பேன் வகை. அதிலும் அதன் குட்டிப் பருவம் மட்டும்தான் கடிக்கும். ஆட்டைத் திட்டாதீர்கள். நாய் உண்ணியால் வேறு காய்ச்சல்கள் வரும், அதனால் அதையும் விட்டுவைக்காதீர்கள்.

ஆரணித் தம்பி, கிளினிக்குக்குப் போனீர்களா? சண்டை போடவில்லையே?

---

ஆரணிப்பக்கம்:

போனேன் அக்கா. போகும்போது கோபமாகத்தான் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் முப்பத்தைந்து பேர். உள்ளே போய் வேலூர் டிஸ்சார்ஜ் தாளை நீட்டினேன். நின்ற வாக்கில் படித்தார், உட்கார்ந்து மறுபடி படித்தார். "எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். தாளை போனில் படம் எடுத்துக்கொண்டார். "அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஃபீஸ் வாங்கவில்லை. நான் நறுக்கென்று கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. ராஜா மன்னிக்கணும்.

அம்மா மறுபடி ஏரிக்கரைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். என்னுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார், கீழே சாக்கு விரித்துத்தான் உட்காருகிறார், வந்ததும் குளியல். பொருக்கு விழுந்து இப்போது ஒரு ரோஜா நிறத் தழும்புதான் இருக்கிறதாம்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல். அம்மா போய் முதல் வேலையாகக் காலண்டரில் தேதியைச் சுழித்துவிட்டு, பையனின் சட்டையைக் கழற்றி அக்குள், காதுக்குப் பின்னால், இடுப்பு என்று டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். என்எஸ்1 பாசிட்டிவ், டெங்குதான். பையன் தேறிவிட்டான். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.